வட்டம் சுற்றும்போது வரும் வைத்தியர்

ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு வைத்தியர் இருக்கிறார். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, வெள்ளைக் கோட்டும் கிடையாது. படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியரும் இல்லை, தானாக முளைத்தவர். யாருடைய கம்ப்யூட்டர் திரையிலாவது அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தால் போதும், எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பாரோ, குடித்து முடித்த டீக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே வந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு பெருமூச்சு விடுவார். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஆபீசில் அப்படி யாரும் இல்லையே என்கிறீர்களா? நல்லது. அப்படிச் சொல்பவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அதைப் பிறகு பேசுவோம்.

எங்கள் வைத்தியருக்குக் கம்பெனி கொடுத்த வேலை, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுப்பதும், யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம் என்று அனுமதி போட்டுத் தருவதும், பிரிண்டரில் தாள் சிக்கினால் உருவுவதும். இந்த மூன்றையும் அவர் நன்றாகவே செய்வார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனிதனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதே? அவர் மனசு எப்போதும் பெரிய நோய்களைத் தேடியே அலையும். எதையும் பார்க்காமலே கண்டுபிடிப்பதுதான் அவருடைய முறை. "பாக்கவே வேண்டாம்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். "பாக்கவே வேண்டாம், நெட்வொர்க்." "பாக்கவே வேண்டாம், சர்வர் பழசு." "பாக்கவே வேண்டாம், மெமரி பத்தல." சொல்லும்போது உங்கள் திரையைப் பார்க்க மாட்டார். கூரையைப் பார்ப்பார். காரணங்கள் எல்லாம் மின்விசிறியிலிருந்துதான் தொங்குகின்றன போலும்.

காரணத்துக்குப் பிறகு சிகிச்சை. "ஒரு தடவை மூடிட்டுத் திறங்க." மூடித் திறந்து சரியாகிவிட்டால் வைத்தியம் பலித்தது. சரியாகவில்லையா? "ரெண்டு தடவை மூடணும், நீங்க ஒரு தடவைதானே மூடுனீங்க?" இரண்டு தடவை மூடியும் வட்டம் சுற்றினால், உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்க மூடுற விதம் சரியில்ல" என்பார். மூடுவதில் என்ன விதம் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. நாளைக்குப் பாஸ்வேர்டு மறந்தால் அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

ஒருமுறை அவருடைய மனைவியை மளிகைக் கடையில் பார்த்தேன். மரியாதைக்கு, "வீட்ல எல்லாம் எப்படிக்கா?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல! சமையக்கட்டுக் குழாய் சொட்டுது. ஏன் சொட்டுதுன்னு இவரு காரணம் சொல்லி மூணு மாசம் ஆச்சு" என்றார். "இப்ப நின்னுருச்சா?" என்றேன். "காரணம்தான் சொன்னாரு தம்பி" என்றார் அந்த அம்மா, துண்டை வைத்துச் சுற்றிக் கட்டிச் சமாளிப்பவரின் பொறுமையோடு.

சரி, ஆளை அறிமுகப்படுத்தியாயிற்று. இப்போது அவர் பார்த்த வைத்தியங்களிலேயே பெரிய வைத்தியத்துக்கு வருகிறேன்.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் பொருள் அனுப்புகிறவர்கள். சலைன் பாட்டில், கையுறை, ஊசி, பஞ்சு. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு ரிப்போர்ட் வர வேண்டும். நேற்று எந்த ஆஸ்பத்திரி எதை எவ்வளவு பயன்படுத்தியது, எங்கே எது தீரப்போகிறது என்று அது சொல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிப் பிரிவைப் பார்க்கும் அக்கா, என்ன ஏற்ற வேண்டும் என்று சத்தம் போடுவார். இருப்பு அறையைப் பார்க்கும் நான், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஏழே முக்காலுக்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். அக்காவுக்கு வாட்ச் கிடையாது, தேவையும் இல்லை. ஏழே முக்கால் ஆனால் அவருக்குத் தானாகவே கோபம் வரும்.

இந்த ரிப்போர்ட் ஆரம்பத்தில் இரண்டு நிமிடத்தில் வந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் பத்து. பத்து ஆனபோதுதான் வைத்தியர் வைத்தியத்தை ஆரம்பித்தார். ஆரம்பித்த மூன்றே வாரத்தில் நாற்பது நிமிடம் ஆனது. இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏழு மணிக்கு ரிப்போர்ட்டைத் தட்டினால் ஏழு நாற்பதுக்கு வரும். ஐந்து நிமிடத்தில் ஆறு வண்டிக்கு எப்படிப் பொருள் ஏற்றுவது? ஓட்டுநர்கள் வாசலில் நின்று கொட்டாவி விட, அக்கா முந்தின நாள் தாளை வைத்துக் குத்துமதிப்பாக ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கையுறை குவிந்து கிடந்தது, சலைன்தான் தீர்ந்துபோயிருந்தது. நாங்கள் இன்னும் நாலு பெட்டி கையுறை அனுப்பி வைத்தோம். அந்த ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பார்க்கும் பெரியவர் போன் செய்து, "அம்மா, ஒரு சந்தேகம். கையுறைய நரம்புல ஏத்தலாமா?" என்று கேட்டார்.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டை எழுதியது அவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஆனாலும் நாங்கள் அவரை ரிப்போர்ட் மேடம் என்றே கூப்பிடுவோம். வயதில் என்னைவிடச் சின்னவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். தற்காலிக வேலை. பன்னிரண்டாவது மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். அதை நம்பி அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார், மகளை இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். கணவருக்குத் தூரத்தில் ஏதோ கப்பலில் வேலை. கணவர் சம்பளத்தில் பாதி அவருடைய தம்பி தங்கைகளுக்குப் போய்விடும்.

கையுறை விவகாரம் மேலாளர் காதுக்குப் போனது. திங்கட்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை காலைல இந்த ரிப்போர்ட் அஞ்சு நிமிஷத்துக்குள்ள வரணும். வரலைன்னா வெளியில இருக்கிற கம்பெனிகிட்ட வேலையக் கொடுத்துடுறேன். அப்புறம் இங்க தனியா ஒரு ஆள் எதுக்கு?" என்றார். யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் கையில் இருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அதை எப்படி மூட வேண்டும் என்று வைத்தியர் நல்லவேளையாகச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் வைத்தியரிடம் போனார்.

"சார், டேட்டாபேஸ்ல இந்த நிமிஷம் என்னென்ன வேலை ஓடுது, எது எவ்ளோ நேரமா ஓடுதுன்னு ஒரு பட்டியல் எடுக்கலாம். அத ஒரு தடவ பாத்தா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும். எனக்கு அதைப் பாக்கிற அனுமதி மட்டும் போட்டுக் குடுங்களேன்."

"எதுக்கு?"

"பாக்கிறதுக்குத்தான் சார்."

வைத்தியர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "அதெல்லாம் உள்ள போய்க் குழப்பிக்காதீங்கம்மா. பட்டியலப் பாத்தா பட்டியல்தான் தெரியும். நான் இருபது வருஷமா இதுல இருக்கேன். பாக்கவே வேண்டாம், சர்வர் பழசு."

"பழசா இருந்தா மத்த ரிப்போர்ட்டும் மெதுவாத்தானே சார் வரணும்? மத்ததெல்லாம் சரியா வருதே?"

இது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு வைத்தியரிடம் நிரந்தரமான ஒரு பதில் உண்டு. "நீங்க புதுசு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை வைத்தியர் சர்வரை அணைத்துப் போட்டார். எப்போது? ரிப்போர்ட் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது. இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் பிள்ளை பிறந்திருக்கும். அக்கா வண்டிப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதினால் பதிப்பாளர் என்மேல் வருத்தப்படுவார், அதனால் கடைசி வரியை மட்டும் தருகிறேன்: "உங்களுக்கு எதையாவது அணைக்கணும்னா உங்க வீட்டு அடுப்ப அணைங்க சார்!"

வைத்தியர் அசரவில்லை. சர்வர் எழுந்ததும் ரிப்போர்ட்டைத் தட்டச் சொன்னார், கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தாறு நிமிடம். "பாத்தீங்களா? நாலு நிமிஷம் கொறஞ்சிருச்சு!" என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். உடனே புது சர்வர் கேட்டு மூன்று பக்கக் கடிதம் ஒன்று தயாரித்து மேலாளர் மேசையில் வைத்தார். அதில் "நவீன காலத்துக்கேற்ப" என்ற சொற்கள் ஐந்து இடத்தில் வந்தன.

புதன்கிழமை மறுபடியும் கூட்டம். வைத்தியர் வெள்ளைப் பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். பக்கத்தில் இன்னொரு பெட்டி. நடுவில் ஒரு அம்புக்குறி. "இங்கேருந்து இங்க போகுது. போற வழியில மாட்டிக்குது" என்றார். என்ன போகிறது, எதில் மாட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பலகையில் வரைந்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்பது, புரியவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வது ஆகிவிடாதா? எல்லோரும் தலையை ஆட்டினோம். பிறகு அவர் மார்க்கரை மூடிவிட்டு, போகிற போக்கில், "இன்னொன்னும் இருக்கு சார். எழுதினவங்க எழுதின விதமும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார்.

அந்தப் பெண், "சார், அத நான் எழுதல. ஆனா பட்டியலப் பாக்க அனுமதி கெடைச்சா..." என்று ஆரம்பித்தார். மேலாளருக்குப் போன் வந்துவிட்டது. கூட்டம் முடிந்தது. அந்தப் பெண் பலகையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கோப்போடு வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நல்ல காலம் பிறந்தது. வைத்தியருக்குப் பல் வலி.

மூன்று வாரமாகவே அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்தது. காரணத்தை அவரே கண்டுபிடித்திருந்தார்: ஏசி காற்று. வியாழக்கிழமை கன்னம் இட்லிப் பானை மூடி மாதிரி வீங்கியதும் வீட்டுக்காரம்மா பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். வாயைத் திறங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "பாக்கவே வேண்டாம் டாக்டர்" என்று சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் வரவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண் நேராக மேலாளர் அறைக்குள் போனார். "சார், மாத்த வேண்டாம். பாக்க மட்டும். இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்றாராம். மேலாளர் அந்தச் சமயத்தில் அக்காவின் சத்தத்திலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். யாருக்கோ போன் போட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

பட்டியல் திரையில் வந்தது. அக்காவும் நானும் பின்னால் நின்றோம். (நின்றோம் என்ன, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா வேடிக்கை.)

"எத்தன ரிப்போர்ட் ஓடுது தங்கச்சி?" என்றார் அக்கா.

"பத்தொம்பதுக்கா."

"ஒண்ணுதானே நாம தட்டினோம்?"

"ஆமா. ஒண்ணு நம்மளது. மிச்சம் பதினெட்டும்..." என்று திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். "பதினெட்டும் ஒரே மெஷின்லேருந்து வருது. பதினெட்டும் நம்ம ரிப்போர்ட்தான்."

"எந்த மெஷின்?"

மெஷின் எண்ணைக் குறித்துக்கொண்டு மூவரும் மேசை மேசையாகத் தேடினோம். கடைசியில் வைத்தியர் மேசைக்கு வந்து சேர்ந்தோம். ஆள் இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் விழித்திருந்தது. கண்காணிப்பதற்காகத் திரை அணையாதபடி வைத்திருந்தார். நாங்கள் தினமும் காத்துக் கிடக்கும் அந்தக் காலை ரிப்போர்ட் அங்கே ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பதினெட்டு ஜன்னல்களில் திறந்து கிடந்தது. வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து, ரிப்போர்ட் இன்றைக்கும் மெதுவாகத்தான் வருகிறதா என்று பார்க்க, வேலை நாள் ஒன்றுக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கிறார். பழையதை மூடினால் ஒப்பிட முடியாதே, அதனால் எதையும் மூடவில்லை. எங்களுக்கு மூடித் திறக்கச் சொன்ன மனிதர்! போதாததற்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே மறுபடியும் ஓடும்படி ஒவ்வொன்றையும் அமைத்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சர்வரை அணைத்தபோது அதுவரை திறந்தவை எல்லாம் படுத்திருக்கும். சர்வர் எழுந்ததும் அத்தனையும் துள்ளி எழுந்திருக்கும்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தார். "இந்த மனுஷன் வைத்தியம் பாக்கிறாரா, வியாதியப் பரப்புறாரா?" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேலாளரைக் கேட்டுக்கொண்டு பதினெட்டு ஜன்னல்களையும் மூடினோம். ரிப்போர்ட் பதினோரு நிமிடத்தில் வந்தது. அக்கா கை தட்டினார். ஆனால் அந்தப் பெண் தட்டவில்லை. "அஞ்சு நிமிஷம் கேட்டாருக்கா. இது பதினொண்ணு" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கனமான புத்தகத்தின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, டேட்டாபேஸிலும் தேதிக்கு அப்படி ஒரு பட்டியல் உண்டாம். நேற்றைய வரவு செலவு வேண்டும் என்றால் நேராக நேற்றைய பக்கத்தைத் திறந்துவிடலாம். ஆனால் பழைய ஆள் எழுதி வைத்த குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் வாக்கியம், வேறு மாதிரி கேட்டது. ஒவ்வொரு பதிவிலும் உள்ள தேதியை எடுத்து, அதை எழுத்தாக மாற்றி, பிறகு நேற்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார் என்றது. மாற்றி எழுதிய தேதி அந்தப் பட்டியலில் இருக்காது இல்லையா? ஆகையால் பாவம் அந்த டேட்டாபேஸ், பதினோரு வருடத்துப் பதிவுகளையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொன்றின் தேதியையும் மாற்றி எழுதி, "நீ நேத்தா? நீ நேத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வருடம் கூடக் கூட, கேட்க வேண்டியதும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. தினமும் காலையில், யாருக்கும் தெரியாமல்.

அந்தப் பெண் தேதியைத் தொடாமல் விட்டுவிட்டு, நேற்றைய காலை முதல் இன்றைய காலை வரை என்று நேராகக் கேட்டு எழுதினார். இரண்டே வரி. தட்டினார்.

ஒன்பது விநாடி.

"பொய்யி" என்றார் அக்கா. "இது நேத்து ரிப்போர்ட்டா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்கும் அதே சந்தேகம்தான். பழைய குவெரியையும் ஓட விட்டு, பதினோரு நிமிடம் காத்திருந்து, இரண்டையும் அச்சடித்து, ஆறு வண்டிக்கான வரிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரி பார்த்தார். ஒரு எண்கூட மாறவில்லை. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார். "என் பொண்ணு ஸ்கூல் மாற வேண்டியதில்ல போலருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். எங்களிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ரிப்போர்ட் தட்டினோம், ஏழு மணிக்கே வந்தது. ஏழு நாற்பதுக்கு ஆறு வண்டியும் வாசலைத் தாண்டிவிட்டன. கோபம் வர ஐந்து நிமிடம் பாக்கி இருந்ததால் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எட்டு மணிக் கூட்டத்துக்கு வைத்தியர் வந்தார். ஒரு கன்னம் வீங்கி, உள்ளே பஞ்சு வைத்து, பேசக் கூடாது என்ற டாக்டரின் உத்தரவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். பேசாமல் இருந்தாரா? அவரால் முடியுமா?

"செவ்வாக்கெழம நான் சர்வர அணைச்சுப் போட்டேன்ல சார்? அது இப்பத்தான் வேலை செய்யுது. செட்டாக மூணு நாள் ஆகும்" என்றார் பஞ்சுக்கு நடுவிலிருந்து.

மேலாளர் "ஓ" என்றார். நம்பிவிடுவார் போலிருந்தது. அந்தப் பெண் எழுந்து, அச்சடித்த பட்டியலை மேசையில் வைத்து வைத்தியர் பக்கமாகத் தள்ளினார். "சார், இது வியாழக்கெழம காலைல எடுத்தது. இந்தப் பதினெட்டு வரியும் உங்க மெஷின். கொஞ்சம் பாருங்களேன்." குரலில் குத்தல் இல்லை. பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வைத்தியர் பார்த்தார். நானும் பதினாலு வருடமாக அவரோடு வேலை செய்கிறேன், அவர் ஒன்றைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரி வரை போனார். வீங்காத கன்னமும் சிவந்தது. எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார். "நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே சார்! ஒரே ரிப்போர்ட்ட இத்தன தடவ திறந்து வச்சா எந்த சர்வர் தாங்கும்?"

அக்கா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. மேலாளரும் சிரித்தார். வைத்தியர்கூட, பஞ்சு நழுவாத அளவுக்குச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். நானும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே மேலாளர் அந்தப் பெண்ணின் நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது என் பக்கம் திரும்பினார். "என்னங்க, புதன்கிழம நீங்க வேற மாதிரியில்ல சொன்னீங்க?"

ஆமாம். இதை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். புதன்கிழமைக் கூட்டம் முடிந்து நான் கோப்போடு வெளியே வந்தபோது, போன் பேசி முடித்த மேலாளர் நடைபாதையில் என்னை நிறுத்தினார். "நீங்க தினமும் பாக்கிறவரு, சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியுமா?" என்று கேட்டார். எனக்குக் குவெரி என்றால் என்னவென்று தெரியாது. அந்தப் பெண் என்ன எழுதுகிறார் என்று ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம், இரண்டே சொல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஷ்டம்தான் சார். அதெல்லாம் அனுபவம் இருக்கிறவங்க செய்யுற வேலை" என்றேன். சொல்லிவிட்டு, அறிவாளி மாதிரித் தலையை வேறு ஆட்டினேன். மேலாளரும் ஆட்டினார். நான் மறந்தும் போனேன்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இல்ல சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன், எதுவும் வந்து சேரவில்லை.

பிற்பகல் அவர் இருப்பு அறைக்கு வந்தார். நான் கையுறைப் பெட்டிகளை எண்ணுவதாகப் பாவனை செய்தேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அண்ணா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே? நான் உக்கார்ற எடம் உங்க கதவுலேருந்து பத்து அடி" என்றார். போய்விட்டார்.

அந்தப் பத்து அடியை அதற்குப் பிறகு நான் பலமுறை நடந்திருக்கிறேன். இப்போது நாங்கள் நன்றாகப் பேசிக்கொள்கிறோம், மகள் வரைந்த படத்தை எல்லாம் காட்டுவார். வைத்தியரும் சௌக்கியம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், வலி போனதற்கு அவர் வேறு ஒரு காரணம் சொல்கிறார்.

இதைப் படித்துக்கொண்டே வந்தபோது உங்களுக்கும் ஒருவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். அட, இது அப்படியே நம்ம ஆபீஸ் இன்னார்தான், நம்ம மாமாதான், நம்ம மாடிவீட்டுக்காரர்தான் என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். தாராளமாக இதைக் கொண்டுபோய் அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். யாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.